பட்டனைத் தட்டினால் போதுமா? டெக்கனின் முப்பது வருஷக் கதை

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வாரம் முழுக்க ஒரே ஒரு கேம் தொடரைப் பத்தித்தான் பேசப் போறேன்: டெக்கன். 1994-ல் ஜப்பானில் நம்கோ நிறுவனத்தோட ஆர்கேட் மெஷினாக ஆரம்பிச்சது, 2024-ல் டெக்கன் 8 வரைக்கும் வந்திருக்கு. எட்டு முக்கியப் பாகங்கள், நடுவுல ரெண்டு டேக் டோர்னமென்ட் பாகங்கள்.

கேட்டுக்கிட்டு இருக்கிறவங்கள்ல பல பேருக்கு டெக்கன்னா அது டெக்கன் 3 மட்டும்தான்னு எனக்குத் தெரியும். அதுல தப்பே இல்லை. பிளேஸ்டேஷன் ஒன், கம்ப்யூட்டர்ல எமுலேட்டர், தேய்ஞ்சு போன கன்ட்ரோலர்... அந்தக் கதைக்கும் வருவேன்.

ஆனா எல்லாப் பாகத்தையும் வரிசையா ஒப்பிச்சா அது விக்கிப்பீடியா ஆயிடும். அதனால ஒரே ஒரு கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் போகலாம். இந்த கேமை நமக்கு யார் சொல்லிக் கொடுத்தது? ஏன் கேட்கிறேன்னா, டெக்கன் ரொம்ப வருஷம் தன்னை விளையாடுறவங்களுக்கு எதையுமே சொல்லித் தந்ததில்லை. பக்கத்துல உட்கார்ந்திருந்த ஆள்தான் சொல்லிக் கொடுத்தான். இப்போ அந்த ஆள் இல்லை. அவன் வேலையை கேமே செய்யப் பார்க்குது. அதனால என்ன கிடைச்சது, என்ன போச்சு? இன்னைக்கு விஷயம் அதுதான்.

நாலு பட்டன், நாலு கை கால்

90-களின் தொடக்கத்துல சண்டை கேம்னா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2. அதுல ஆறு பட்டன். மூணு குத்து, மூணு உதை. லேசு, நடுத்தரம், பலம்னு பிரிச்சு வெச்சிருப்பாங்க. 1993-ல் சேகா கொண்டு வந்த விர்ச்சுவா ஃபைட்டர், சண்டையை முப்பரிமாணத்துக்குக் கொண்டு போச்சு. அதுல குத்து, உதை, தடுப்புன்னு மூணே பட்டன். அந்த கேம்ல வேலை பார்த்த செய்ச்சி இஷீ, நம்கோவுக்கு வந்து முதல் டெக்கனை இயக்கினார்.

டெக்கன் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. பட்டனை அடியோட பலத்துக்கு ஏன் கொடுக்கணும்? உடம்புக்கே கொடுத்துடலாமே! இடது கைக்கு ஒரு பட்டன், வலது கைக்கு ஒண்ணு, இடது கால், வலது கால். பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர்ல சதுரமும் முக்கோணமும் கைகள். எக்ஸும் வட்டமும் கால்கள். தடுப்புக்குத் தனி பட்டன் கிடையாது. எதிராளிக்கு எதிர்ப்பக்கமா பின்னாடி அழுத்தினா தடுப்பு.

இந்த ஒரு முடிவுதான் முப்பது வருஷமா மாறவே இல்லை. கதை மாறுச்சு, கிராஃபிக்ஸ் மாறுச்சு, நம்கோ பண்டாயோட சேர்ந்து பண்டாய் நம்கோ ஆச்சு. ஆனா 1994-ல் முதல் டெக்கன் ஆடின ஒருத்தர் இன்னைக்கு டெக்கன் 8 முன்னாடி உட்கார்ந்தாலும் இடது கை எங்கே இருக்குன்னு அவர் விரலுக்குத் தெரியும்.

இதுல இன்னொரு விளைவும் இருக்கு. கேமைப் பார்த்தே இராத ஒருத்தர்கிட்ட கன்ட்ரோலரைக் கொடுங்க. நாலு பட்டனையும் தாறுமாறா தட்டுவார். திரையில ஏதோ ஒண்ணு அழகா நடக்கும். கை நீளும், கால் சுழலும், எதிராளி பறப்பான். ஸ்ட்ரீட் ஃபைட்டர்ல ஹடோக்கன் போடவே சில நாள் பழகணும். டெக்கன்ல முதல் நிமிஷத்துலயே நீங்க ஹீரோ. உள்ளே வர கதவு அகலமா திறந்திருந்துச்சு. உள்ளே போனப்புறம் எத்தனை மாடி இருக்குன்னுதான் யாரும் சொல்லல.

டெக்கன் 3, அப்புறம் எடி பிரச்சினை

முதல் ரெண்டு பாகத்துலயும் சண்டை கிட்டத்தட்ட ஒரு நேர்க்கோட்டுலதான் நடக்கும். குதிச்சா நிலாவுல குதிக்கிற மாதிரி ரொம்ப உயரம் போவாங்க. 1997-ல் ஆர்கேட்டுக்கும் 1998-ல் பிளேஸ்டேஷனுக்கும் வந்த டெக்கன் 3 அந்தக் குதியைக் குறைச்சது. அதைவிட முக்கியமா, எல்லாப் பாத்திரங்களுக்கும் பக்கவாட்டுல ஒரு எட்டு வைக்கிற வசதியைக் கொடுத்தது. நேரா வர்ற அடியைத் தடுக்கத் தேவையில்லை, விலகிடலாம். முப்பரிமாணம்ங்கிறது அதுவரைக்கும் பார்க்கிறதுக்கான அழகு. டெக்கன் 3-லதான் அது விளையாட்டாவே மாறுச்சு.

கதையையும் 19 வருஷம் முன்னாடி தள்ளினாங்க. கதைன்னதும் ஒரு வார்த்தை. அப்பா ஹெய்ஹாச்சி, மகன் கசூயாவைச் சின்ன வயசுலயே மலை உச்சியிலிருந்து தூக்கிப் போடுவார். மகன் வளர்ந்து வந்து அப்பாவைத் தூக்கிப் போடுவான். அடுத்த பாகத்துல அப்பா திரும்ப வந்து மகனை எரிமலைக்குள்ள போடுவார். டெக்கன் 3-ல பேரன் ஜின் வந்தாச்சு. நம்ம மெகா சீரியல் பார்த்துப் பழகின யாருக்கும் இது புதுசா இருக்காது.

டெக்கன் 3-லதான் எடி கோர்டோ வந்தான். பிரேசில் நாட்டுக்காரன், கப்போய்ரா ஆடுவான். அந்த அசைவுகளுக்காக உண்மையான கப்போய்ரா ஆசான் ஒருத்தரோட உடல் அசைவைப் பதிவு பண்ணாங்க. கையைத் தரையில ஊன்றி, காலை விசிறி மாதிரி சுத்தி... ரெண்டு உதை பட்டனை மட்டும் மாத்தி மாத்தித் தட்டினா போதும். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, எங்கே இருந்து வருதுன்னே தெரியாம உதை வரும்.

நம்ம ஊர் கேம் கடைகள் ஞாபகம் இருக்கா? ஒரு சின்ன ரூம், மூணு நாலு டிவி, மணிக்கு இவ்வளவுன்னு சுவத்துல எழுதியிருக்கும். நான் போன கடையில ஒரு எழுதாத சட்டம் உண்டு: எடி எடுக்கக் கூடாது. எடுத்தா சண்டை திரைக்கு வெளியிலதான் நடக்கும். நேத்து வந்த பொடியன், ரெண்டு வருஷமா அங்கேயே கிடக்கிற அண்ணனை எடி வெச்சு அடிச்சா அந்த அண்ணன் முகத்துல எப்படி விழிப்பார்?

எங்க கடையில ஒரு அண்ணா மட்டும் அந்தச் சட்டத்தைக் கண்டுக்கவே மாட்டார். "எடுடா, எடியே எடு"ன்னுவார். எடியோட கீழ் உதை வரும்போது குனிஞ்சு தடுப்பார். தடுத்த உடனே எடி ஒரு கணம் கை கால் பரப்பிக்கிட்டு அசையாம நிப்பான். அந்தக் கணத்துல ஒரு தூக்கு, அந்தரத்துலயே அஞ்சாறு அடி, ஆட்டம் முடிஞ்சது. அப்புறம் திரும்பிப் பார்த்து ஒரே வரி சொல்வார்: "அவன் மூணாவது உதை எப்பவும் கீழதான் வரும், குனி." எங்களுக்குக் கிடைச்ச டெக்கன் பாடம் அதுதான். புத்தகம் இல்லை, யூடியூப் இல்லை. ஒரு வரி, அதுவும் தோத்தப்புறம்தான்.

டெக்கனோட அடிப்படை இதுக்குள்ளயே இருக்கு. அடி மூணு உயரத்துல வரும். மேல வர்றதைக் குனிஞ்சு தப்பிக்கலாம். நடுவுல வர்றதை நின்னுக்கிட்டே தடுக்கணும். கீழ வர்றதைக் குனிஞ்சு தடுக்கணும். அடிக்கிறவனுக்கும் தடுக்கிறவனுக்கும் நடுவுல நடக்கிறது முழுக்க ஒரு ஊகம். அந்த ஊகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா அறிவா மாத்திக்கிறதுக்குப் பேர்தான் பயிற்சி.

ஒரு நொடியில் அறுபது பங்கு

அந்த அறிவு எவ்வளவு பெரிசுன்னு சொல்றேன். டெக்கன் ஒரு நொடிக்கு 60 ஃபிரேம்ல ஓடுது. பொதுவா இருக்கிறதிலேயே வேகமான குத்து 10 ஃபிரேம்ல போய்ச் சேரும், அதாவது நொடியில ஆறுல ஒரு பங்கு. நான் ஒரு அடி அடிக்கிறேன், நீங்க தடுத்துட்டீங்க, நான் பழைய நிலைக்கு வர உங்களைவிட 10 ஃபிரேம் அதிகம் ஆகுதுன்னு வெச்சுக்கோங்க. அப்போ உங்க வேகமான குத்து எனக்கு விழுந்தே தீரும், நான் ஒண்ணும் பண்ண முடியாது. 15 ஃபிரேம் ஆச்சுன்னா, நிறைய பாத்திரங்கள் என்னை அந்தரத்துல தூக்கி உயிர்க்கோட்டுல பாதியைக் கரைச்சிடும்.

இப்போ கணக்குப் போடுங்க. டெக்கன் 8 வெளிவந்தப்போ 32 பாத்திரங்கள். ஒவ்வொருத்தருக்கும் நூறு அடிகள்னு வெச்சாலே மூவாயிரத்தைத் தாண்டும். ஒவ்வொண்ணும் எந்த உயரம், தடுத்தா எவ்வளவு இடைவெளி, எந்தப் பக்கம் விலகினா தப்பிக்கலாம்... இதையெல்லாம் கேம் திரையில காட்டாத காலத்துல எப்படிக் கத்துக்கிட்டாங்க? ஊர் ஊரா ஆர்கேட்ல உட்கார்ந்து, ஒருத்தர் கண்டுபிடிச்சதை இன்னொருத்தர் பார்த்து, நோட்டுல எழுதி வெச்சு.

ஆட்டக்காரங்க கண்டுபிடிச்ச ஒரு விஷயத்துக்கு ஒரு நாட்டோட பேரே இருக்கு: கொரியன் பேக்டாஷ். பின்பக்கம் ரெண்டு தடவை தட்டினா பாத்திரம் ஒரு எட்டு பின்வாங்கும். அது முடியுற வரைக்கும் காத்திருக்காம, நடுவுலயே குனியுற சைகை கொடுத்து அதை முறிச்சு, உடனே இன்னொரு எட்டு பின்வாங்கலாம். தொடர்ந்து செஞ்சா தரையில வழுக்கிக்கிட்டுப் போற மாதிரி இருக்கும். எதிராளியோட அடி காத்துல போகும், அந்த நொடியில நீங்க திருப்பி அடிக்கலாம். விரல் வலிக்க வலிக்க இதைப் பழகினவங்க கொரியாவுல, சியோல் நகரத்து கிரீன் ஆர்கேட் மாதிரியான இடங்கள்ல உருவானாங்க. ரொம்ப வருஷம் டெக்கன் உலகத்தோட தலைநகரமே அதுதான்.

2001-ல் ஆர்கேட்டுக்கு வந்த டெக்கன் 4 இந்த அறிவையெல்லாம் கொஞ்சம் கலைச்சுப் பார்த்தது. மேடைகளுக்குச் சுவர் வெச்சாங்க, தரையை மேடு பள்ளமாக்கினாங்க. யோசனை நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மேட்டுல நின்னா ஒரு காம்போ விழும், பள்ளத்துல நின்னா விழாது. ஜின் மத்தவங்களைவிட ரொம்ப பலமாகவும் இருந்தான். 2004-ல் வந்த டெக்கன் 5 தரையை மறுபடி சமமாக்கி, சுவரை மட்டும் சில மேடைகள்ல வெச்சுக்கிட்டது. கூடவே ஆர்கேட்ல ஒரு கார்டு வந்துச்சு. உங்க பாத்திரம், உடை, தரவரிசை எல்லாம் அதுல சேமிப்பாகும். எந்தக் கடைக்குப் போனாலும் நீங்க யாருன்னு மெஷினுக்குத் தெரியும்.

லாகூரிலிருந்து வந்த ஆள்

இந்தத் தொடரோட வரலாற்றுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் 2019. அப்போ ஓடிக்கிட்டிருந்தது டெக்கன் 7. ஆர்கேட்ல 2015-ல் வந்தது, 2017-ல் வீட்டு கன்சோலுக்கும், முக்கியத் தொடர்ல முதல் தடவையா கம்ப்யூட்டருக்கும் வந்துச்சு.

2019 பிப்ரவரியில ஜப்பானோட ஃபுகுவோகா நகரத்துல ஈவோ ஜப்பான் போட்டி. உலகத்துல முக்கியமானவங்க எல்லாரும் வந்திருந்தாங்க. ஜெயிச்சவர், அதுவரைக்கும் பெரும்பாலானவங்க கேள்விப்பட்டே இராத அர்ஸ்லான் ஆஷ். பாகிஸ்தான், லாகூர். வீசா கிடைக்கிறதுலயிருந்து விமானம் பிடிக்கிறது வரைக்கும் போராடித்தான் அங்கே வந்து சேர்ந்தார். ஜெயிச்சப்புறம் அவர் சொன்ன விஷயம்தான் எல்லாரையும் உட்கார வெச்சது: எங்க ஊர்ல இன்னும் நிறைய பலமான ஆட்டக்காரங்க இருக்காங்கன்னார்.

சும்மா தன்னடக்கத்துல சொல்றார்னு நிறைய பேர் நினைச்சாங்க. கொரியாவோட ஜாம்பவான் பே ஜே-மின் அப்படி நினைக்கல. அவரோட ஆட்டப்பெயர் 'நீ'. நம்ம 'நீ' இல்லை, ஆங்கிலத்துல முழங்கால். அவர் அதே வருஷம் பாகிஸ்தானுக்கே போய் அங்கே இருக்கிறவங்களோட விளையாடினார், நிறைய தடவை தோத்தார். ஆகஸ்ட்ல லாஸ் வேகாஸ் ஈவோ இறுதிப் போட்டியில அர்ஸ்லானும் அவரும் மோதினாங்க. மறுபடி அர்ஸ்லான்தான். 2023, 2024 ஈவோலயும் அவரே ஜெயிச்சார். 'இன்னும் இருக்காங்க'ன்னு சொன்னதும் உண்மைதான்னு நிரூபணம் ஆச்சு: 2023 தொடக்கத்துல ஆம்ஸ்டர்டாம்ல நடந்த டெக்கன் வேர்ல்டு டூர் இறுதியை ஜெயிச்ச அதீஃப் பட்டும் பாகிஸ்தான்காரர்.

இது எப்படி நடந்துச்சு? ஸ்பான்சர் இல்லை, வெளிநாட்டுப் போட்டிக்குப் போக வழியில்லை. ஆன்லைன்ல ஆடுற அளவுக்கு இணைய வேகமும் இல்லை. இருந்தது தெருவோர ஆர்கேட் கடைகள் மட்டும்தான். வெளியுலகம் பார்க்காமலே அந்தக் கடைகளுக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் தேய்ச்சுத் தேய்ச்சுக் கூர்மையாக்கிக்கிட்டாங்க. எங்க கடை அண்ணா சொன்ன அந்த ஒரு வரி இருக்கே, அந்த மாதிரி ஆயிரம் வரிகள் அங்கே கைமாறியிருக்கு.

இதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாவும் இருக்கும். நான் பார்த்த கடைகள் டெக்கன் 3-லயே நின்னுடுச்சு. அப்புறம் கவுன்டர் ஸ்ட்ரைக் வந்துச்சு, பிரவுசிங் சென்டர் வந்துச்சு, கடைசியில ஃபோன் வந்துச்சு. ஆள் இருந்தாங்க, ஆர்வமும் இருந்துச்சு. உட்கார்ந்து கத்துக்கிற இடம்தான் போயிடுச்சு.

கேமே வாத்தியார் ஆனபோது

கடைகள் குறைஞ்சது நம்ம ஊர்ல மட்டும் இல்லை. ஜப்பான்லயே ஆர்கேட்டுகள் மூடிக்கிட்டு வருது. முக்கியத் தொடர்ல ஆர்கேட்டுக்கு வராம நேரா வீட்டுக்கு வந்த முதல் பாகம் டெக்கன் 8 தான். 2024 ஜனவரி 26. அப்போ புதுசா வர்றவங்களுக்கு யார் சொல்லிக் கொடுக்கிறது?

டெக்கன் 7 இதுக்குக் கொடுத்த பதில் ஒரு மாதிரியானது. ஃபிரேம் விவரங்களைத் திரையில காட்டுற வசதியைத் தனியா காசு வாங்கிக்கிட்டு வித்தாங்க. ரசிகர்களே சேர்ந்து இணையத்துல இலவசமா எழுதி வெச்சிருந்த விஷயம் அது.

டெக்கன் 8 அதை மாத்திக்கிச்சு. ஃபிரேம் விவரம் இலவசம். நீங்க தோத்த ஆட்டத்தைத் திரும்ப ஓட விட்டா, 'இந்த அடியைத் தடுத்தப்புறம் இதைக் கொண்டு திருப்பி அடிச்சிருக்கலாம்'னு திரையிலேயே காட்டும். நடுவுல நிறுத்தி, கன்ட்ரோலை நீங்க எடுத்துக்கிட்டு அந்த இடத்தையே பழகிப் பார்க்கலாம். உங்க ஆட்டத்தைப் பார்த்துக் கத்துக்கிட்டு, உங்களை மாதிரியே ஆடுற ஒரு நிழல் ஆட்டக்காரனையும் அதுவே உருவாக்கும். ஒரு பட்டன்ல காம்போ போடுற ஸ்பெஷல் ஸ்டைலும் உண்டு. ஆட்டத்தோட நடுவுலகூட அதைப் போடலாம், நிறுத்தலாம்.

இதுல என்னை ரொம்ப யோசிக்க வெச்சது ஆர்கேட் குவெஸ்ட்ங்கிற பகுதி. உங்களுக்கு ஒரு குட்டி உருவத்தைச் செஞ்சுக்கிட்டு ஆர்கேட் ஆர்கேட்டாகப் போவீங்க. மேக்ஸ்னு ஒரு நண்பன் பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுப்பான். அதாவது, ஆர்கேட்டையே விட்டுட்டு வந்த கேம், தனக்குள்ள ஒரு கற்பனை ஆர்கேட்டைக் கட்டி, அதுல ஒரு கற்பனை அண்ணாவையும் உட்கார வெச்சிருக்கு. கிண்டலா சொல்லல. இந்த வேலையை ஒருத்தர் செய்யணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. இப்போ மதுரையில தனியா ரூம்ல உட்கார்ந்திருக்கிற ஒரு பொண்ணு யார்கிட்டயும் போய் நிக்காம இந்த கேமைக் கத்துக்கலாம். அந்தக் காலத்துக் கடைக்குள்ள அவங்களால வந்திருக்கவே முடியாது. அங்கே எத்தனை பொண்ணுங்களைப் பார்த்திருக்கோம்? பழைய கடையை நினைச்சு ஏங்கும்போது இதையும் ஞாபகம் வெச்சுக்கணும்.

அப்புறம் ஏன் கோபம்?

இவ்வளவு நல்லது பண்ண கேம் மேல 2025 ஏப்ரல்ல ரசிகர்கள் கொதிச்சாங்க. ரெண்டாவது சீசன் அப்டேட் வந்தவுடனே ஸ்டீம்ல மோசமான விமர்சனங்கள் குவிஞ்சது. தொழில்முறை ஆட்டக்காரங்களே வெளிப்படையா எதிர்த்தாங்க. நிறுவனம் அவசரமா திருத்தங்கள் விட வேண்டியதாச்சு.

காரணம் இதுதான். டெக்கன் 8-ல ஹீட்னு ஒரு விஷயம் இருக்கு. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை போடலாம். அது இருக்கும்போது எதிராளி தடுத்தாலும் கொஞ்சம் உயிர் குறையும். சண்டை வேகமா, பார்க்க நல்லா இருக்கணும்னு கொண்டு வந்தாங்க. ரெண்டாவது சீசன்ல தாக்குறவனுக்கு இன்னும் ஆயுதங்களைக் கொடுத்துட்டாங்கன்னு ஆட்டக்காரங்க நினைச்சாங்க. நடுவுலயா கீழயா, ரெண்டுல ஒண்ணைக் குருட்டாம்போக்குல ஊகி. பக்கவாட்டுல விலகவும் முடியாது, பின்வாங்கவும் முடியாது. அப்போ பத்து வருஷம் விரல் தேயப் பழகின பேக்டாஷுக்கு என்ன மதிப்பு?

இங்கே ரெண்டு விஷயத்தைக் குழப்பிக்கக் கூடாதுன்னு நினைக்கிறேன். உள்ளே வர்றதைச் சுலபமாக்குறது வேற, ஜெயிக்கிறதைச் சுலபமாக்குறது வேற. முதலாவதுக்கு நான் முழு ஆதரவு. ரெண்டாவது புதுசா வர்றவனுக்கே துரோகம். இன்னைக்கு அவன் ஊகிச்சு ஜெயிப்பான், நாளைக்கு அவனை இன்னொருத்தன் ஊகிச்சு ஜெயிப்பான். நடுவுல கத்துக்க எதுவுமே இருக்காது.

எடியை எடுத்துக்கோங்க. டெக்கன் 3-ல பொடியன் எடியை எடுத்து எல்லாரையும் அடிச்சான், சந்தோஷப்பட்டான், மறுநாளும் கடைக்கு வந்தான். ஒருநாள் குனிஞ்சு தடுக்கத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட மாட்டினான். எப்படிப்பான்னு கேட்டான். அங்கேதான் அவனுக்கு கேமே ஆரம்பிச்சது. எடியும் வேணும், குனிஞ்சா தடுக்க முடியும்ங்கிற உத்தரவாதமும் வேணும். ஒண்ணு இல்லைன்னா கடைக்கு யாரும் வர மாட்டாங்க. இன்னொண்ணு இல்லைன்னா வந்தவங்க தங்க மாட்டாங்க. டெக்கன் நல்லா இருந்த பாகங்கள் எல்லாம் இந்த ரெண்டையும் சேர்த்து வெச்சிருந்தது. தடுமாறின பாகங்கள்ல ஒண்ணு குறைஞ்சிருந்தது.

ஒரு வேண்டுகோளோட முடிச்சுக்கிறேன். உங்ககிட்ட டெக்கன் இருந்தா, எந்தப் பாகமா இருந்தாலும் சரி, இந்த வாரம் தெரியாத ஒருத்தரைப் பக்கத்துல உட்கார வெச்சு ஆடுங்க. தங்கச்சியோ ரூம்மேட்டோ அப்பாவோ, யாரா இருந்தாலும் சரி. எடியை அவங்களே எடுத்துக்கட்டும். பத்து ஆட்டம் போனப்புறம் கீழ் உதையை எப்படித் தடுக்கிறதுன்னு ஒரே ஒரு வரி சொல்லிக் கொடுங்க. அவங்க உங்களைத் திருப்பி அடிச்ச கதையை எங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. நல்லா இருக்கிறதை அடுத்த எபிசோட்ல போடறேன்.

அடுத்த வாரம் பார்ப்போம்.